மிட்டாய் பாக்கெட்டைக் கீழிருந்து படியுங்கள்: வீகன்களுக்காக ஒரு ரகவாரி அலசல்

மிட்டாயில் பெரும்பங்கு சர்க்கரையும் குளுக்கோஸ் சிரப்பும்தான். இரண்டுமே செடியிலிருந்து வருபவை. அதனால் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்ததுமே, "பழ ஜெல்லிதானே, இதில் என்ன இருந்துவிடப் போகிறது" என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் ஒரு மிட்டாயை வீகன் (பால், தேன் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் தவிர்ப்பவர்) கணக்கிலிருந்து தள்ளிவிடுவது பல நேரம் அதில் ஒரு சதவீதம்கூட இல்லாத சமாச்சாரம்: மேலே பூசிய மெழுகு, உள்ளே கலந்த சிவப்பு, அச்சில் ஒட்டாமலிருக்கச் சேர்த்த பொடி. உட்பொருள் பட்டியல் எடை வரிசையில் எழுதப்படுவது. அதிகம் உள்ளது முதலில் வரும், சிறிதளவு உள்ளது கடைசியில் வரும். ஆகவே பட்டியலின் வாலிலிருந்து மேலே ஏறுவதே வேலையைச் சுருக்கும் வழி. கடைசி இரண்டு வரியிலேயே சிக்கல் தென்பட்டால் மீதியைப் படிக்கத் தேவையில்லை.

பலர் கையாளும் குறுக்குவழி, தடித்த எழுத்தில் இருக்கும் ஒவ்வாமை எச்சரிக்கையை மட்டும் பார்த்துவிட்டு வைப்பது. அது ஒவ்வாமை உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. பாலும் முட்டையும் மீனும் அதில் அகப்படும். மாட்டுத்தோல் ஜெலட்டின், பன்றித்தோல் ஜெலட்டின், தேன்மெழுகு, அரக்கு, பூச்சியிலிருந்து எடுக்கும் கொச்சினீல் சிவப்பு ஆகியவை அகப்படாது. எச்சரிக்கை வரி சுத்தமாக இருக்கிறது என்பதற்காக மிட்டாயும் சுத்தம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கீழே வரும் எண்கள் உணவில் சேர்க்கும் பொருள்களுக்கானவை; ஐரோப்பிய பாக்கெட்டுகளில் ஈ (E) என்ற எழுத்தோடும், வேறு பல நாடுகளில் ஐஎன்எஸ் (INS) என்ற முன்னொட்டோடும் அச்சாகும். இங்கே சொல்லப்படும் சேர்மங்களுக்கு இரண்டிலும் பெரும்பாலும் எண் ஒன்றுதான்.

கம்மி, ஜெல்லி வகை

அதிகம் ஏமாறுவது இங்கேதான். கரடி வடிவ கம்மியின் (மெல்லும் ஜெல்லி மிட்டாய்) அந்த ரப்பர் போன்ற இழுவைக்குக் காரணம் ஜெலட்டின். விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜெனைப் பிரித்தெடுத்துச் செய்வது. வழக்கமான கம்மியில் எடைக்கு 6 முதல் 9 சதவீதம் வரை போடுவார்கள். வாய்ச்சூட்டுக்குப் பக்கத்தில் உருகத் தொடங்குவதால், மெல்லும்போதே சுவை மெதுவாகக் கரைந்து வெளியே வரும். இந்தக் குணம் அப்படியே வேறு எந்தச் செடிப் பசையிலும் கிடைப்பதில்லை. வீகன் கம்மி வாங்குபவர் முதலில் மனதை ஆற்றிக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான். ஜெலட்டின் கம்மியின் நகலைத் தேடினால் எல்லா பாக்கெட்டும் ஏமாற்றும். ஒவ்வொரு பசையையும் அதனதன் குணத்துக்காக வாங்கினால் நல்ல சரக்கு நிறையவே இருக்கிறது.

அவற்றில் பெக்டின் (எண் 440) எங்கள் பார்வையில் முதலிடம். எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோலிலிருந்தும் சாறு பிழிந்த ஆப்பிள் சக்கையிலிருந்தும் எடுப்பது. ஒன்றிரண்டு சதவீதமே போதும். பல் பட்டதும் சுத்தமாக முறியும், இழுபடாது, பல்லில் ஒட்டாது. பழச்சுவை ஜெலட்டினைவிடத் தெளிவாகத் தெரியும். மிட்டாய்க்குப் பயன்படும் பெக்டின் இறுகுவதற்கு அதிகச் சர்க்கரையும் நல்ல புளிப்பும் கட்டாயம் வேண்டும். அதனால் புளிப்புச் சுவைகள் இதில் இயல்பாகவே பொருந்தி வரும். கோலா, வெனிலா போன்ற புளிப்பில்லாத சுவைகள் பெக்டினில் கொஞ்சம் தடுமாறும்.

பெக்டின் மிட்டாயில் குறை எப்படித் தெரியும் என்பதையும் சொல்லிவிடலாம். கடித்தால் நறநறவென்று, கூழ்போலச் சிறு கட்டிகளாகப் பிரிந்தால், பாகு அச்சில் ஊற்றப்படுவதற்கு முன்பே இறுகத் தொடங்கியிருக்கிறது. புளிப்பை முன்கூட்டியே சேர்த்துவிட்டாலோ பாகின் சூடு இறங்கிவிட்டாலோ இது நடக்கும். பாக்கெட்டுக்குள் மிட்டாய் வியர்த்து, மேலே தூவிய சர்க்கரை ஈரமாகிக் கரைந்திருந்தால், புளிப்பு கூடிப்போய்ச் சர்க்கரையை உடைத்திருக்கிறது, அல்லது சரியாக உலர்த்தவில்லை. இரண்டுமே உடலுக்குக் கேடில்லை. ஆனால் அந்த நிறுவனத்தின் கைப்பக்குவம் எப்படி என்பது தெரிந்துவிடும்.

அகர் (எண் 406) கடற்பாசியிலிருந்து வருவது. சுமார் 35 டிகிரியில் இறுகும். மறுபடி உருக 85 டிகிரிக்கு மேல் வேண்டும். அதாவது வாயில் உருகவே உருகாது, பொடிந்துதான் போகும். மென்மையான பழத்துண்டு மாதிரியான மிட்டாய்க்கு நல்லது, மெல்லும் மிட்டாய்க்குப் பொருந்தாது. புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அகரின் பிடி போய்விடும். அதனால் அகர் மிட்டாய்கள் பெரும்பாலும் புளிப்புக் குறைந்தவை. நாள்பட்ட பாக்கெட்டில் ஓரமாக நீர் கசிந்திருப்பதும் அகரின் பழைய வியாதிதான்.

மாவுப்பசை வகை இன்னொன்று. பட்டியலில் 'மாற்றப்பட்ட ஸ்டார்ச்' என்று இருக்கும்; பத்து சதவீதத்தை ஒட்டிப் போட வேண்டியிருக்கும். அழுத்தமாக மெல்ல வேண்டும், கடைவாயில் அப்பிக்கொள்ளும். ஜெலட்டினின் இழுவைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது இதுதான். அமெரிக்காவில் விற்கும் ஸ்வீடிஷ் ஃபிஷ், சோர் பேட்ச் கிட்ஸ் இரண்டும் இந்த வகை. இரண்டின் மூல ரகத்திலும் ஜெலட்டின் இல்லை. இரண்டில் சோர் பேட்ச் கிட்ஸே மேல். புளிப்புச் சர்க்கரை மாவுப்பசையின் மந்தத்தை மறைத்துவிடுகிறது.

பாக்கெட் இல்லாமல் கையில் வந்த கம்மி ஜெலட்டினா, செடிப் பசையா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. மிட்டாயை நேரே வெந்நீரில் போடக் கூடாது. சர்க்கரை நீரில் இறங்கி எல்லா வகையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குழப்பிவிடும். ஒரு சிறிய ஜிப் பையில் இரண்டு மிட்டாய்களை இடைவெளி விட்டுப் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடுங்கள். ஒரு கிண்ணத்தில் கொதிக்கும் நீரும் சாதாரண நீரும் சம அளவு கலந்தால் சுமார் 60 டிகிரி வரும். பையை அதில் முழுக அழுத்தி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். ஜெலட்டின் கம்மி என்றால் கரடியின் காது முதலில் மழுங்கும், பிறகு முகம் போகும், கடைசியில் பையின் அடியில் நிறமுள்ள பாகாகத் தேங்கும். இரண்டு நிறம் போட்டிருந்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். பெக்டின், அகர், மாவுப்பசை வகைகள் கொஞ்சம் இளகினாலும் விளிம்பு கலையாமல் நிற்கும். மாவுப்பசையோடு சிறிதளவு ஜெலட்டினும் சேர்க்கும் ரகங்கள் உண்டு. அவை பாதி இளகி நின்று ஏமாற்றும். உருகினால் ஜெலட்டின் என்று நம்பலாம். உருகாவிட்டால் வீகன் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் மேலே பூசிய மெழுகைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லாது.

அந்த மெழுகுதான் அடுத்த கண்ணி. அச்சிலிருந்து எடுத்த கம்மிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க எண்ணெயும் மெழுகும் பூசி உருட்டுவார்கள். 'ஜெலட்டின் இல்லை', 'வெஜிடேரியன்' என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்ட ஐரோப்பிய கம்மிகளில் பலவற்றின் பட்டியல் தேன்மெழுகில் (எண் 901) முடிகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. தேன்மெழுகு சைவத்துக்கு ஒத்துவரும், வீகனுக்கு ஒத்துவராது. இதில் ஒரு சுலபமான தப்பிப்பு இருக்கிறது. சர்க்கரை தூவிய கம்மிகளுக்கு ஒட்டாமல் காக்க அந்தச் சர்க்கரையே போதும் என்பதால் மெழுகு பெரும்பாலும் போடுவதில்லை. ஒரே நிறுவனத்தின் பளபளப்பு ரகமும் சர்க்கரை தூவிய ரகமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், முதலில் சர்க்கரை தூவியதைத் திருப்பிப் பாருங்கள்.

மார்ஷ்மெல்லோவுக்கு ஒரு பத்தி போதும். வழக்கமான சரக்கில் ஜெலட்டின் உறுதி, சிலவற்றில் முட்டை வெள்ளையும் உண்டு. வீகன் ரகங்கள் கராஜீனன் (எண் 407), சோயா அல்லது உருளைக்கிழங்குப் புரதம் போன்றவற்றால் நுரை கட்டுகின்றன. அப்படியே சாப்பிட நன்றாகவே இருக்கும். நெருப்பில் வாட்டினால் சில ரகங்கள் பொன்னிறம் வருவதற்குள் உருகிக் குச்சியிலிருந்து நழுவும். வாட்டுவதற்கென்றே வாங்குகிறீர்கள் என்றால் ஒரு பாக்கெட்டை முதலில் சோதித்துப் பாருங்கள்.

பளபளப்பும் சிவப்பும்

ஜெல்லி பீன்ஸ், சாக்லேட் மூடிய கொட்டைகள், ஓடு போட்ட மிட்டாய்கள். கண்ணாடி போல மின்னும் எதையும் சந்தேகத்தோடு பாருங்கள். அந்த மினுக்கம் பல நேரம் அரக்கு (எண் 904). அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரந்து படியவிடும் பிசினைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்வது. சுரண்டும்போது பூச்சிகளும் சேர்ந்தே வரும். பட்டியலில் 'ஷெல்லாக்' என்று நேராக எழுதினால் பிழைத்தோம். 'கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ்', 'ரெசினஸ் கிளேஸ்' என்று எழுதினாலும் அதே பொருள்தான். ஜெல்லி பெல்லியின் பீன்ஸ் பெக்டினும் மாவும் சார்ந்தது, ஜெலட்டின் இல்லை என்று பெயரெடுத்தது. ஆனால் தேன்மெழுகும் கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸும் பட்டியலிலேயே இருக்கின்றன. வீகன் கூடையில் அதற்கு இடமில்லை.

நல்ல மாற்று கார்னோபா மெழுகு (எண் 903), பிரேசிலின் ஒரு பனை இனத்தின் இலையிலிருந்து வருவது. 80 டிகிரிக்கு மேல்தான் உருகும்; தேன்மெழுகோ 62, 64 டிகிரியிலேயே இளகிவிடும். பளபளப்பிலும் சூடு தாங்குவதிலும் செடி மெழுகு ஒரு படி மேலே என்பதால், தரத்துக்காகத்தான் தேன்மெழுகு போடுகிறோம் என்ற வாதம் எடுபடாது. கேண்டெலில்லா மெழுகும் (எண் 902) செடிதான். பட்டியலில் 901, 903 இரண்டும் சேர்ந்து வருவது சகஜம் என்பதால் 903ஐப் பார்த்ததும் மனம் இளகிவிட வேண்டாம். பக்கத்து எண்ணையும் பாருங்கள்.

சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா. இந்த மூன்று நிறத்திலும் தேட வேண்டியது எண் 120. கார்மைன், கொச்சினீல், கார்மினிக் அமிலம், நேச்சுரல் ரெட் 4 என்று பல பெயரில் உலவும். கள்ளியில் வாழும் ஒரு வகைப் பெண் பூச்சிகளை உலர்த்தி எடுப்பது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் இதை வெறும் 'நிறம் சேர்க்கப்பட்டது' என்று எழுதி முடித்துவிட முடிந்தது. ஒவ்வாமைப் புகார்களுக்குப் பிறகு 2009இல் வந்த விதி, 2011 ஜனவரி முதல் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்றாக்கியது.

உற்பத்தியாளர்கள் கார்மைனை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதன் உறுதி. சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்காது. பீட்ரூட் சிவப்பு (162) சூட்டில் பழுப்பேறும். கறுப்பு கேரட், திராட்சைத் தோல் போன்றவற்றின் ஆந்தோசயனின் என்ற நிறமி (163) புளிப்பில் நல்ல சிவப்பாக நிற்கும். புளிப்பு குறைந்தால் ஊதாவுக்கும் நீலத்துக்கும் நழுவும். இதிலிருந்து கடையில் பயன்படும் ஒரு கணக்கு கிடைக்கிறது: புளிப்பான சிவப்பு மிட்டாயில் செடி நிறம் இருக்க வாய்ப்பு அதிகம், புளிப்பில்லாத, பால் மாதிரி மங்கலான இளஞ்சிவப்பில் கார்மைன் இருக்க வாய்ப்பு அதிகம். கணக்கு மட்டும்தான், பட்டியலைப் பார்க்காமல் தீர்ப்பு எழுத வேண்டாம்.

அல்லுரா ரெட் (எண் 129, அமெரிக்காவில் ரெட் 40) பூச்சியிலிருந்து வருவது என்ற வதந்தி இன்னும் ஓயவில்லை. அது ஆலையில் செய்யும் செயற்கைச் சாயம், விலங்குச் சேர்மம் இல்லை. இத்தகைய சாயங்களை விலங்குகளின்மேல் சோதித்திருக்கிறார்கள் என்பதால் சில வீகன்கள் தவிர்க்கிறார்கள். அது தனி வாதம். இப்போது கவனிக்க வேண்டியது வேறு. அமெரிக்காவில் ரெட் 3 என்ற செயற்கைச் சிவப்புச் சாயத்துக்கான அனுமதி 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது, உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரை அவகாசம். செயற்கைச் சாயங்களைக் கைவிட்டு 'இயற்கை நிறம்' பக்கம் நகரும்போது, நேற்றுவரை வீகனாக இருந்த மிட்டாயில் நாளை 120 வந்து உட்காரலாம். 'இப்போது இயற்கை நிறங்களுடன்' என்ற புதுப் பட்டை ஒட்டிய பாக்கெட்டைப் பார்த்தால் பட்டியலை மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.

கடின மிட்டாய், குச்சி மிட்டாய், அழுத்தி எடுத்த மாத்திரை மிட்டாய்

அவசரத்துக்குக் கை நீட்ட ஏற்றது கடின மிட்டாய். சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், சிட்ரிக் அமிலம், மணம், நிறம். அவ்வளவுதான் பட்டியல். பட்டர்ஸ்காட்ச், கிரீம், தேன் என்று பெயரில் இருந்தால் விலகுங்கள். தொண்டைக்கான மிட்டாய்களில் தேன் அடிக்கடி ஒளிந்திருக்கும். லாக்டிக் அமிலம் (270) என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சோளம், பீட் கிழங்கு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்கவைத்து எடுப்பதே வழக்கம். லாக்டோஸ், லாக்டிடால் (966) இரண்டும் பாலிலிருந்து வருபவை. பெயர் ஒத்திருப்பதால் மூன்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

வாயில் பொடியாகக் கரையும் மாத்திரை மிட்டாயில் மெக்னீசியம் ஸ்டியரேட் (470பி) அல்லது கால்சியம் ஸ்டியரேட் இருக்கும். அச்சிலிருந்து உடையாமல் வழுக்கி வெளியே வர அதுதான் உதவுகிறது. பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், மாட்டுக்கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. கிளிசரால் (422), 471 எண் கொண்ட குழைமங்கள் (எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்து வைப்பவை), ஸ்டியரிக் அமிலம் (570) எல்லாம் இதே இரட்டைப் பிறவிகள். பட்டியலில் 'தாவர மூலம்' என்ற சொல் இல்லாவிட்டால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது ஒன்றே வழி. கேட்கும்போது "இது வீகனா?" என்று கேட்டால் பொதுப்படையான மழுப்பல் வரும். "இந்தப் பொருளில் உள்ள 471 எதிலிருந்து வருகிறது?" என்று எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

பெயரை நம்பக் கூடாது என்பதற்கு நல்ல உதாரணம் ஸ்மார்ட்டீஸ். அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்பது அழுத்தி எடுத்த சர்க்கரை மாத்திரை. அதன் கால்சியம் ஸ்டியரேட் தாவர மூலம் என்று நிறுவனம் சொல்கிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் அதே பெயரில் கிடைப்பது நெஸ்லேயின் பால் சாக்லேட். ஸ்டார்பர்ஸ்ட் கதை இதைவிட நுணுக்கமானது: பிரிட்டனில் ஜெலட்டின் இல்லை, அமெரிக்காவில் உண்டு. ஸ்கிட்டில்ஸில் ஒரு காலத்தில் ஜெலட்டின் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு மூல ரகம் வீகன்களின் வாடிக்கைச் சரக்கு. ஆனால் பெயரைப் பகிர்ந்துகொள்ளும் கம்மி ரகத்துக்கு அந்தச் சலுகை தானாக வந்துவிடாது, அதன் பட்டியல் வேறு. வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தால், இணையத்தில் படித்த தகவலை ஓரங்கட்டிவிட்டு அந்த பாக்கெட்டின் பட்டியலையே படிக்க வேண்டும்.

சாக்லேட், கேரமல்

கோக்கோ பட்டர் கோக்கோ விதையின் கொழுப்பு; பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டார்க் சாக்லேட்டில் கோக்கோ, சர்க்கரை, கோக்கோ பட்டர், லெசிதின் (322, ஒரு குழைமம், பெரும்பாலும் சோயா அல்லது சூரியகாந்தி) இவை மட்டும் இருந்தால் வீகன். 'பட்டர் ஆயில்', 'பால் கொழுப்பு' என்று ஒன்று இடையில் நுழைந்திருக்கும், 70 சதவீத பாரிலும்கூட. அதைப் போடுவது சுவையை மென்மையாக்க. சாக்லேட் மேல் வெள்ளையாகப் பூக்கும் கொழுப்புப் படலத்தைத் தள்ளிப்போடவும்தான். சதவீதம் ஏற ஏற வீகன் என்று நினைப்பது தவறு. கோக்கோ எத்தனை பங்கு என்றுதான் அந்த எண் சொல்கிறது. மீதிப் பங்கில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை.

பட்டியலில் பால் இல்லாமலும் பால் இருக்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 94 டார்க் சாக்லேட் பார்களைப் பரிசோதித்தது. பால் என்று பட்டியலில் எழுதியவை ஆறு. எழுதாத 88இல் 51இல் பால் இருந்தது. காரணம், பால் சாக்லேட்டும் டார்க் சாக்லேட்டும் ஒரே இயந்திரத்தில் ஓடுவதே. சாக்லேட் இயந்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவ முடியாது, ஈரம் பட்டால் சாக்லேட் கட்டிப்படும். அடுத்த சாக்லேட்டையே ஓடவிட்டுத் துடைப்பார்கள். முந்தைய சரக்கின் மிச்சம் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். 'பால் கலந்திருக்கலாம்' என்ற வரி இதைப் பற்றியது. வீகன்களில் பெரும்பாலோர் இதைப் பொருட்படுத்துவதில்லை, பாலை யாரும் வேண்டுமென்று சேர்க்கவில்லையே. பால் ஒவ்வாமை உள்ளவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. 'வீகன்' என்ற முத்திரையை நம்பி ஒவ்வாமை உள்ள குழந்தைக்குச் சாக்லேட் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மலிவு மிட்டாய்களின் மேல் இருக்கும் சாக்லேட் மாதிரியான பூச்சில் கோக்கோ பட்டருக்குப் பதில் பனைவிதை எண்ணெய் இருக்கும். அதோடு மோர்ப்பொடியும் லாக்டோஸும் வரும். விலையைக் குறைக்கும் நிரப்பிகள் அவை. நிறம் கறுப்பாக இருக்கிறதே என்று இவற்றை டார்க் கணக்கில் சேர்க்க முடியாது. அமெரிக்க பாக்கெட்டுகளில் 'நான்-டெய்ரி' என்ற சொல்லுக்கும் மயங்க வேண்டாம். பாலிலிருந்து எடுத்த கேசினேட் உள்ள பொருளுக்கும் அந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள்.

வீகன் 'பால்' சாக்லேட்டுகளில் எங்கள் தரவரிசை இப்படி: ஹேசல்நட் விழுது சேர்த்தவை முதலில். அந்தக் கொட்டையின் எண்ணெய் பால் கொழுப்பைப் போலவே வாயில் மென்மையாக இளகும். அடுத்து ஓட்ஸ், நல்ல சரக்கு என்றால் மால்ட் வாசனை வரும், சரியாக அரைக்காதது மாவு நெருடும். தேங்காய்ப்பால் பொடி சேர்த்தது தேங்காய் பிடித்தவருக்கு மட்டும், வேறு எந்தச் சுவையையும் மேலே வரவிடாது. அரிசிப் பொடி சேர்த்தவை பல இனிப்பாக மட்டும் இருக்கும். பிஸ்கட்டை மூடப் பயன்படலாம், தனியாகச் சாப்பிட உப்புச்சப்பில்லை.

கேரமல், டாஃபி, ஃபட்ஜ் மூன்றுக்கும் அடிப்படையே பால். அந்தப் பொன்னிறமும் மணமும் பால் புரதமும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து வருபவை. தேங்காய்ப்பாலில் செய்த வீகன் கேரமல்தான் இருப்பதில் நெருக்கமானது. இருந்தாலும் பதம் தவறிய சரக்கில் எண்ணெய் பிரிந்து உறையில் பிசுபிசுக்கும். உறையைப் பிரிக்காமலேயே விரலால் அமுக்கிப் பார்த்தால் வழுக்கல் தெரியும்.

சர்க்கரையும் சூயிங் கமும் மற்ற சில்லறைகளும்

சர்க்கரை விவகாரம் பட்டியலில் தெரியாதது. சில கரும்புச் சர்க்கரை ஆலைகள் சாற்றின் நிறத்தை நீக்க மாட்டெலும்புக் கரியில் வடிகட்டுகின்றன. கரி சர்க்கரையில் தங்காது, அதனால் எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. செடியிலிருந்து செய்த கரி, அயனிப் பரிமாற்றப் பிசின் என்று மாற்று வழிகளை நாடும் ஆலைகளும் உண்டு. பீட் சர்க்கரைக்கு எலும்புக் கரி பயன்படுவதில்லை. அமெரிக்க ஆர்கானிக் முத்திரை பெற்ற சர்க்கரைக்கும் இல்லை. பழுப்புச் சர்க்கரை வாங்கினால் தப்பித்தோம் என்பது தவறு, வெள்ளைச் சர்க்கரையில் வெல்லப்பாகை மறுபடி கலந்து செய்வதும் உண்டு. இதில் எவ்வளவு தூரம் போவது என்பது அவரவர் முடிவு. 1944இல் தொடங்கிய பிரிட்டனின் வீகன் சொசைட்டி தன் வரையறையிலேயே 'இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்தவரை' என்ற இடத்தை விட்டிருக்கிறது. ஒவ்வொரு மிட்டாயின் சர்க்கரைக்கும் ஆலையைத் தேடி அலைவதைவிட, முத்திரை உள்ளதை வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

சூயிங் கம்மில் 'கம் பேஸ்' என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு கலவையே அடங்கிவிடும். அதற்குள் ஸ்டியரிக் அமிலமோ கிளிசராலோ ஆட்டு ரோமக் கொழுப்பான லானோலினோ இருக்கலாம், பிரித்து எழுத வேண்டியதில்லை. வீகன் முத்திரை இல்லாத சூயிங் கம்மை வாங்கச் சொல்ல மாட்டோம். வைட்டமின் கம்மிகளில் ஜெலட்டினுக்கு அப்பால் டி3 ஒன்று உண்டு. பொதுவாக அது லானோலினிலிருந்து எடுப்பது. 'லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிரி) மூலம்' என்று எழுதியிருந்தாலோ டி2 ஆக இருந்தாலோ வாங்கலாம். நூகட்டில் முட்டை வெள்ளை, பெரும்பாலும் தேனும். அதிமதுர மிட்டாய்களில் கோதுமை மாவு சார்ந்த அமெரிக்க முறுக்குக் கயிறு வகை எளிதில் தேறும். ஐரோப்பிய கட்டி ரகங்களில் ஜெலட்டின் உள்ளதும் உண்டு, கருவேலம் பிசின் (414) போட்டதும் உண்டு. 'இயற்கை மணம்' என்றால் பீவர் என்ற நீரெலியின் சுரப்பான காஸ்டோரியம் என்று பயமுறுத்தும் செய்தி அவ்வப்போது சுற்றும். அது இன்றைய மிட்டாய்த் தொழிலில் கிட்டத்தட்ட இல்லாத பொருள். அந்தக் கவலையை விட்டுவிட்டு 901ஐத் தேடுங்கள்.

முத்திரைகளில் வீகன் சொசைட்டியின் சூரியகாந்தி அடையாளம் 1990 முதல் இருக்கிறது, நம்பலாம். ஐரோப்பிய வி-லேபிளில் இரண்டு வகை உண்டு. அடியில் 'வீகன்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், 'வெஜிடேரியன்' என்று இருந்தால் பாலும் தேன்மெழுகும் உள்ளே இருக்கலாம். இந்தியாவின் பச்சை அடையாளம் வீகனுக்கு உதவாது. அசைவத்தை வரையறுக்கும் அதன் விதி பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறது; அரக்கு பூசிய மிட்டாய்க்கும் பச்சை கிடைக்கும். 2022இல் வந்த தனி வீகன் அடையாளமே அங்கே பொருந்தும். யூதர்களின் 'பார்வே' குறி இருந்தால் பால் சேர்க்கவில்லை என்று பொருள், ஆனால் முட்டையும் தேனும் மீன் ஜெலட்டினும் அதில் அனுமதி. ஹலால் முத்திரை ஜெலட்டின் பன்றியிலிருந்து வரவில்லை என்று சொல்லும்; விலங்கு ஜெலட்டினே இல்லை என்று சொல்லாது.

கடையில் பெட்டிகளில் கொட்டி வைத்து எடைபோட்டுத் தரும் உதிரி மிட்டாய்தான் எல்லாவற்றிலும் கடினம். மேலே மாட்டியிருக்கும் சீட்டு பெரும்பாலும் பெயரும் விலையும் மட்டும் சொல்லும். மூல அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். பெட்டியை வைத்திருக்கும் கடைகள் காட்டிவிடும். பெட்டியில் பட்டியல் இருந்தாலும் ஒரே கரண்டி எல்லாப் பெட்டிக்கும் போய் வருகிறதா என்று ஒரு கண் வையுங்கள். சர்க்கரை தூவிய பெக்டின் துண்டுகளுக்கிடையே பக்கத்துப் பெட்டியின் ஜெலட்டின் புழுக்கள் இரண்டு கிடப்பது சகஜம். வீட்டுக்கு வந்ததும் தட்டில் கொட்டிப் பார்த்தால் உடனே தெரியும்: இரண்டு விரலால் இழுத்தால் நீண்டு திரும்பச் சுருங்குவதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.